சிவப்பு ஸ்விட்சை மறக்காதீர்கள்

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இந்தியாவில் 230. அங்கே பயன்படுத்திய கம்ப்யூட்டரை ஊருக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

லேப்டாப் என்றால் பயமில்லை. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் ஏறக்குறைய எந்த நாட்டிலும் ஓடும். பிளக்கின் வடிவத்துக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். அது வோல்டேஜை மாற்றாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பழைய டெஸ்க்டாப்தான் ஆபத்தானது. பெட்டியின் பின்னால், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், 115 அல்லது 230 என்று எண் தெரியும் சின்னச் சிவப்பு ஸ்விட்ச் பலவற்றில் உண்டு. அதை 115-ல் வைத்தால், வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி ஏறத்தாழ 320 வோல்ட் டிசியாக மாற்றும் அமைப்பு உள்ளே வேலை செய்யும். அந்த நிலையிலேயே இந்தியாவில் செருகினால் அது 650 வோல்ட்டை எட்டப் பார்க்கும். கெபாசிட்டர்கள் தாங்காது. பட்டென்று ஒரு சத்தம், புகை, கருகல் நாற்றம். பவர் சப்ளை போய்விடும். எதிர்த்திசையில் பயணம் போனால் இவ்வளவு சேதமில்லை: 230-ல் வைத்த கம்ப்யூட்டர் அமெரிக்காவில் பெரும்பாலும் ஆன் ஆகாது, அவ்வளவே.

ஜப்பான் இன்னும் விசித்திரம். நாடு முழுக்க 100 வோல்ட்தான். ஆனால் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890-களில் ஒரு நகரம் ஜெர்மானிய ஜெனரேட்டரையும் மற்றது அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் விளைவு இது. கம்ப்யூட்டர் எப்படியும் மின்சாரத்தை டிசியாக மாற்றிக்கொள்வதால், இந்த ஹெர்ட்ஸ் வேறுபாடு அதைப் பாதிப்பதில்லை.