கண்ணீரோடும் திருவிருந்துக்கு வரலாம்

இறந்தோர் நினைவுத் திருப்பலிகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுத்த குடும்பமே, நற்கருணை வழங்கும் நேரத்தில் எழாமல் அமர்ந்திருக்கும். பிறகு கேட்டால், "மனசு சரியில்லை சாமி. கடவுள் மேலேயே வருத்தமா இருக்கு. இப்படி இருக்கும்போது எப்படி நன்மை வாங்குறது?" என்பார்கள். துயரம் நம்மைத் திருவிருந்திலிருந்து விலக்கிவிடுமா?

நற்கருணை ஏற்படுத்தப்பட்ட இரவை நினைத்துப் பார்ப்போம். அது பிரிவின் இரவு (1 கொரி 11:23). சீடர்களின் உள்ளம் துயரத்தால் நிறைந்திருந்தது (யோவா 16:6). அவர்கள் துயரம் தீரட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. அந்தத் துயரத்தின் நடுவில்தான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். இலாசரின் சாவுக்காக அழுதவரும் அவரே.

புனித மோனிக்காவின் வாழ்வும் இதற்குச் சான்று. ஆப்பிரிக்காவில் இருந்தபோது அவர் மறைச்சாட்சிகளின் கல்லறைகளுக்கு உணவும் இரசமும் கொண்டு செல்வது வழக்கம். மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருந்ததால் தாழ்மையோடு கைவிட்டார். 387ஆம் ஆண்டு, உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் சாகும் தறுவாயில் இருந்தார். சொந்த ஊரில் கணவரின் அருகே அடக்கமாக வேண்டும் என்ற பழைய ஆசை அப்போது அவரிடம் இல்லை. உடலை எங்கும் புதைக்கலாம், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றார்.

மகன் அகுஸ்தீனுக்கு அப்போது வயது 32. அடக்கத்திற்கு முன் கல்லறையருகே தாய்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோது அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பின்னர் தனிமையில் கடவுள்முன் அழுது தீர்த்தார். தம் 'அறிக்கைகள்' நூலில் இதை மறைக்காமல் எழுதி, படிப்போரும் தம் பெற்றோரைப் பீடத்தில் நினைவுகூருமாறு வேண்டுகிறார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதை விளக்கும்போது (எண் 1371) மோனிக்காவின் இவ்வேண்டுகோளையே எடுத்துக்காட்டுகிறது.

ஏன் பீடத்தில்? நற்கருணையில் நாம் உயிர்த்த கிறிஸ்துவோடு ஒன்றிக்கிறோம். அவருக்குள் இறந்தோரும் அவருடையவர்களே. நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்லும் புனிதர்களின் உறவு ஒன்றிப்பு இதுதான். விண்ணகத்தில் இருப்போரும், தூய்மை பெறும் நிலையில் இருப்போரும், மண்ணகத்தில் பயணம் செய்யும் நாமும் ஒரே உடல். நன்மை வாங்கியதால் வீட்டில் காலியான நாற்காலி நிரம்பிவிடாது. அந்தக் குரல் மீண்டும் கேட்காது. ஆனால் சாவு அறுக்க முடியாத ஓர் உறவு உண்டு என்பதை அந்தச் சிறிய அப்பம் நமக்கு உறுதிப்படுத்துகிறது. இறந்தவர் இறுதியில் வழியுணவாகப் பெற்றதும் இதே ஆண்டவரைத்தானே!

எனவே, துயரம் பாவமல்ல. கடவுளிடம் முறையிடுவதும் நம்பிக்கையின்மை அல்ல. திருப்பாடல்கள் பல அப்படிப்பட்ட முறையீடுகளே. பெரும் பாவம் ஏதேனும் மனச்சான்றை உறுத்தினால் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. அதைப் பெற்று வருவோம். மற்றபடி, அழுத கண்களைத் துடைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. ஆமென் சொல்லக் குரல் எழாவிட்டாலும், நீட்டிய கையை ஆண்டவர் அறிவார்.

அடுத்த நினைவுத் திருப்பலியில், நாம் கருத்து மட்டும் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்க வேண்டாம். எழுந்து வருவோம். நம் அன்புக்குரியவர்கள் நம்மிடம் கேட்பதும், மோனிக்கா கேட்டதைப்போல, பீடத்தில் ஒரு நினைவைத்தானே!