விக்கா என்னும் புதுச் சமயம்

கரோல் பாக் கடைத்தெருவில் சனிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு கடைவாயில்களில் புதிதாகத் தொங்கக் காண்கிறோம். நம் ஊர் வீடுகளில் திருஷ்டிப் பூசணி கட்டுவது போன்றதே அது, யாருக்கும் தீங்கில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிலைமை வேறாயிற்று. பெண்களின் பின்னலை ஏதோ மாயசக்தி அறுத்துச் செல்கிறது என்ற பீதி இராஜஸ்தானிலும் அரியானாவிலும் தில்லியின் புறக்கிராமங்களிலும் பரவிற்று. ஆக்ரா மாவட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரைச் சூனியக்காரி என ஐயுற்று அடித்தே கொன்றுவிட்டனர்.

சூனியக்காரியை ஆங்கிலத்தில் ‘விட்ச்’ என்பர். மேனாடுகளிலோ அதே பெயரைப் பலர் தாமே விரும்பிச் சூடிக்கொள்கின்றனர். அன்னாரின் சமயமே விக்கா. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று மயங்க இடமுண்டாதலின், அது யாதெனச் சிறிது அறிவோம்.

இதனை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) என்னும் ஆங்கிலேயர். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்திலும் சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். நம் தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய அதே மண்தான். 1936இல் ஓய்வு பெற்றார். 1939இல் இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் பகுதியில் பழைய குழு ஒன்றில் தீட்சை பெற்றதாகக் கூறினார். 1735ஆம் ஆண்டு மாந்திரீகச் சட்டம் 1951இல் அங்கே நீக்கப்பட்டது. 1954இல் அவரது நூல் வெளிவந்தது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட சமயத்தின் எச்சமே இது என்பது அவர் வாதம். ரொனால்டு ஹட்டன் முதலிய வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. விக்கா இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமே என்பர். பழமை பாராட்டும் ஆசையில் நாமும் எவருக்கும் இளைத்தவரல்லோம்!

விக்கர்கள் பெரும்பாலும் தேவி ஒருத்தியையும், கொம்புடைய தேவன் ஒருவனையும் வழிபடுகின்றனர். வளர்பிறை, முழுமதி, தேய்பிறை ஆகியவற்றைக் கன்னி, தாய், மூதாட்டி என்னும் தேவியின் மூவடிவங்களாகக் காண்பாருண்டு. முழுநிலவு நாள்களில் கூடுவர். தரையில் வட்டமிட்டு, நாற்றிசைக்கும் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உரிமையாக்கி அழைப்பர். கையில் ஒரு கத்தி இருக்கும். அது எதையும் வெட்டுவதற்கன்று, வட்டத்தை வரைவதற்கே. சூரியகதியை ஒட்டி ஆண்டுக்கு எட்டு விழாக்கள். அவற்றுள் அக்டோபர் 31இல் தொடங்குவது இறந்தோரை நினைக்கும் நாள். மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு இது விளங்காத பொருளன்று. மந்திரப் பிரயோகமும் உண்டு. ஆயினும் யாருக்கும் ஊறு செய்யாதே என்பதே தலையாய விதி. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புவர். சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கைக்குரியவன்; இவர்கள் அவனை வணங்குவதில்லை. குழுவில் சேராது தனித்து வழிபடுவோரும் மிகுதி.

நம் நாட்டில் இதனை வெளிப்படையாக மேற்கொண்டவர் கொல்கத்தாவைச் சேர்ந்த இப்சிதா ராய் சக்ரவர்த்தி. சூனியக்காரி என்று பழிக்கப்பட்ட நாட்டுப்புறப் பெண்களுக்காகவும் அவர் குரல் கொடுத்துள்ளார்.

அப்பெண்கள் எந்தச் சமயத்தையும் தேர்ந்தெடுத்தவர்களல்லர். கணவனை இழந்தவளாகவோ, சிறிது நிலம் உடையவளாகவோ, துணையற்ற முதியவளாகவோ இருப்பாள். ஊரில் குழந்தை நோயுறும்; மாடு சாகும்; அயலார் அவளுக்கு அப்பெயரைச் சூட்டுவர். விக்கர் தாமே ஏற்கும் பெயர் அவளுக்கு மரண ஓலையாகிறது. இதனைத் தடுக்கப் பீகார் 1999இலும், ஜார்க்கண்டு 2001இலும், இராஜஸ்தான் 2015இலும் தனிச் சட்டம் கண்டன. பீகார்ச் சட்டத்தின்படி, அடிக்கவே வேண்டியதில்லை. ஒருத்தியை ‘டாயன்’ எனச் சுட்டிக்காட்டுவதற்கே மூன்று மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.