புது வண்டியில் பெரும் பழுது: வணிகர்கள் அறிய வேண்டிய சட்டமும் வழிமுறையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு ஊரைக் கடந்து சேர்வராயன் கோயில் வரை செல்லும் வண்டி சுமார் 5,300 அடி உயரத்தைத் தொடுகிறது. லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிக்கொண்டு மலைக் கடைகளுக்குச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. சமதளத்தில் ஆறு மாதம் வெளியே தெரியாத குறை, இங்கே ஆறே நாளில் தெரிந்துவிடும். ரேடியேட்டர் கொதிப்பது, கிளட்ச் சிலிப் ஆவது, ஏற்றத்தில் என்ஜின் இழுவை இழப்பது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது ஆகியவை பழைய வண்டியில் வந்தால் தேய்மானம் என்று எண்ணி ரிப்பேர் செய்துகொள்கிறோம். புத்தம் புது வண்டியிலேயே வந்தால் என்ன செய்வது? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைப் பகுதி வணிகருக்கு இது சில்லறை விஷயமல்ல. மே மாதத்தில் கோடை சீசனும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்து வரும்போது வண்டி பதினைந்து நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், ஒரு பக்கம் கடன் தவணை, மறுபக்கம் வாடகை வண்டிச் செலவு, இடையில் வேறு கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளர் என மூன்று நஷ்டம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசி விபத்துச் சேதத்துக்குத்தான் பணம் தரும். எந்திரக் கோளாறுக்குத் தராது.

வாரண்டி எதைத் தருகிறது?

வாரண்டி காலத்தில் பழுது வந்தால் வண்டியையே மாற்றித் தருவார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தால், பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவோம் அல்லது அந்தப் பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான் இருக்கும். மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. கிளட்ச் பகுதியில் கோளாறு என்றால் அந்தப் பாகத்தை மாற்றித் தர வேண்டுமே தவிர, முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிட வாரண்டி நிபந்தனை இடம் தரவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்த பயணச் செலவுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

ஆகவே முதல் நாளே புது வண்டி வேண்டும் என்று வாதாடுவதில் பயனில்லை. பாகத்தை மாற்றியும் பழுது தீரவில்லை, குறை தயாரிப்பிலேயே இருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் புது வண்டியோ முழுப் பணமோ கேட்கும் நிலை உண்டாகும்.

எழுத்தில் இருப்பதே சாட்சி

கடையில் ஒரு மூட்டை சர்க்கரை உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் நாம் குறித்துவைக்கிறோம். பல லட்சம் போட்டு வாங்கிய வண்டிக்கு மட்டும் எல்லாவற்றையும் போனிலேயே பேசிவிடுகிறோம். பின்னால் வழக்கு என்று வரும்போது தோற்றுப்போவது இதனால்தான். கீழ்க்கண்டவற்றை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிப்பது நல்லது.

1. டெலிவரி எடுக்கும்போது சேஸிஸ் எண், என்ஜின் எண், தயாரிப்பு மாதம், கிலோமீட்டர் அளவு ஆகியவற்றை பில்லுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். குறை கண்டால் அங்கேயே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறவும்.

2. ஒவ்வொரு முறை ஒர்க்‌ஷாப்பில் விடும்போதும் ஜாப் கார்டு கேட்டு வாங்கவும். "பொது செக்கப்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். "எட்டாவது வளைவில் இரண்டாம் கியரில் என்ஜின் சூடேறி நின்றது" என்பதுபோல் நம் வார்த்தையிலேயே எழுதச் சொல்லவும்.

3. கட்டணம் இல்லாத வேலைக்கும் பில் வாங்கவும். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, வண்டி எத்தனை நாள் நின்றது என்பது அதில்தான் தெரியும்.

4. "திருப்தி" என்று அச்சடித்த தாளில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால், "ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின் தெரிவிக்கப்படும்" என்று எழுதிப் போடவும்.

5. இலவச சர்வீஸ்களைக் குறித்த நாளில், நிறுவனம் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யவும். ஒரு சர்வீஸ் தவறினாலும் வாரண்டியை மறுக்க அது காரணமாகிவிடும்.

மலையில் ஓடும் சரக்கு வண்டி என்றதும் எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள் இரண்டு: ஒன்று, ஓவர்லோடு, மற்றொன்று, டிரைவர் கிளட்சில் கால் வைத்தே ஓட்டினார் என்பது. இரண்டாவதில் உண்மையும் இருக்கக்கூடும். ஏற்றத்தில் அரைக் கிளட்சில் நிறுத்திப் பிடித்தால் எந்தப் புது கிளட்ச் தட்டும் எரிந்துபோகும். மேலும் கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ போன்ற தேயும் பாகங்களுக்குப் பல நிறுவனங்கள் முழு வாரண்டி தருவதில்லை. எனவே டிரைவரைக் கண்டித்து ஓட்டச் சொல்வது நம் பொறுப்பு. முதல் பதிலுக்கு மறுமொழி நம் கையிலேயே இருக்கிறது. எடைமேடை ரசீதுகளையும் சரக்கு பில்களையும் தேதிவாரியாகச் சேர்த்து வைத்தால், ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடைக்கு மேல் ஏற்றவில்லை என்று காட்டிவிடலாம்.

நாம் நுகர்வோர் ஆவோமா?

வணிகர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முந்தைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விளக்கம் 1993-இல் சேர்க்கப்பட்டிருந்தது.

இதற்கு வழிகாட்டி, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கு. உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆட்டோவையோ காரையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது. வண்டியை வாங்கி முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டிச் சம்பாதிப்பவர் நுகர்வோர் அல்ல. இதுவே அத்தீர்ப்பு வகுத்த கோடு. அந்த வழக்கில் எந்திரம் வாங்கியவர் பெரிய அளவில் தொழில் நடத்தியதால் அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை. சிவில் நீதிமன்றம் செல்லும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது.

இதை நம் கடைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். சிறிய மளிகைக் கடைக்காரர் ஒரே ஒரு வண்டி வாங்கி, தானே ஓட்டி, ஒரு பையனை உதவிக்கு வைத்துச் சரக்கு எடுத்துவந்தால் அவர் நுகர்வோர் ஆணையத்தில் வாதிட நல்ல இடம் உண்டு. நான்கு வண்டி, நான்கு டிரைவர் என்று நடத்தும் மொத்த வியாபாரிக்கு அந்த வழி கடினம். குடும்ப உபயோகத்துக்காகக் கார் வாங்கியவர் வணிகர் என்பதனாலேயே உரிமையை இழப்பதில்லை. 2024 ஜூலையில் டைம்லர் கிரைஸ்லர் நிறுவனத்தின் வழக்கில், ஒரு கம்பெனி தன் இயக்குநர்களின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வணிக நோக்கத்தில் வாங்கியது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வணிக நோக்கம் என்று சொல்லி மறுப்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றும் அதே ஆண்டு ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தாலும் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தாலும் எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டும். மறைக்க முயல வேண்டாம். பிழைப்புக்காகத் தாமே ஓட்டுகிறோம் என்பதை லைசென்ஸ், டிரிப் குறிப்பு, கடையின் அளவு ஆகியவற்றால் நேர்மையாகக் காட்டுவதே வழி.

நிபுணர் சொல்லுக்குத்தான் எடை

வண்டி சரியில்லை என்று நாம் சொல்வதும், நன்றாகத்தான் இருக்கிறது என்று டீலர் சொல்வதும் சமமாகவே எடைபோடப்படும். தராசைச் சாய்ப்பது நடுநிலை நிபுணரின் அறிக்கை. ஃபியட் இந்தியா நிறுவனம் தொடர்பான வழக்கில் 2010 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும், தயாரிப்பிலேயே குறை இருப்பதாக அவர் சொன்னால் வண்டியின் விலையையும் ஆயுட்கால வரியையும் 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. புது வண்டியில் பிறவிக் கோளாறு நிரூபணமானால் முழுப் பணமும் கிடைக்க வழியுண்டு என்பதற்கு இதுவே சான்று.

அரசுப் பொறியியல் கல்லூரியின் எந்திரவியல் துறையையோ உரிமம் பெற்ற சர்வேயரையோ அணுகி, வண்டியைப் பார்த்து அறிக்கை தர இயலுமா என்று கேட்கலாம். ஆணையத்தில் புகார் பதிவான பின், பரிசோதனைக்கு அனுப்பும்படி மனுச் செய்யவும் இடமுண்டு. அதுவரை வெளி மெக்கானிக்கை வைத்து என்ஜினைப் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால் குறை யாரால் வந்தது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

எங்கே முறையிடுவது?

ஒரே பழுது இரண்டு மூன்று முறை திரும்பி வந்தால், டீலரோடு நிறுத்தாமல் தயாரிப்பு நிறுவனத்துக்கே ஜாப் கார்டு நகல்களுடன் கடிதம் எழுத வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தவும். மின்னஞ்சலிலும் அனுப்பவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுவதுண்டு.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்கு அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகலாம்.

மறக்கக் கூடாதது கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாரண்டி மூன்று ஆண்டு இருக்கிறதே என்று ஒர்க்‌ஷாப்புக்கும் கடைக்குமாக அலைந்து கெடுவைத் தவறவிட வேண்டாம். நுகர்வோர் அல்லாத மொத்த வியாபாரிகளுக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. அவர்கள் தகுந்த வக்கீலைக் கலந்து சிவில் நீதிமன்றம் செல்லலாம்.

தவணையும் பாதுகாப்பும்

வண்டி ஓடவில்லை என்று கோபத்தில் தவணையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். கடன் கொடுத்தவர் வண்டியைத் தயாரித்தவர் அல்லர். தவணை நின்றால் வண்டி பறிமுதலாகும். நாளைக்குக் கடைக்கு வங்கிக் கடன் கேட்கும்போது கதவும் அடைபடும். தவணையைக் கட்டிக்கொண்டே, வாடகை வண்டிக்குக் கொடுத்த ரசீதுகளைச் சேர்த்து, அவற்றையும் இழப்பீட்டில் கேட்பதே முறை.

பிரேக், ஸ்டியரிங் கோளாறு என்றால் கணக்கே வேறு. அந்த வண்டியை மலைக்கு எடுக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவின்படி, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்பவருக்கோ தீங்கு விளைவிக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். அதே மாடல் வாங்கிய மற்ற வணிகர்களுக்கும் அதே குறை இருக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டறிந்து, ஒவ்வொருவரும் தனித்தனியே புகார் பதிவு செய்தால் அதற்கு வலு கூடும்.

சரக்கில் குறை இருந்தால் மண்டிக்குத் திருப்பி அனுப்பத் தெரிந்த நமக்கு வண்டியில் குறை இருந்தால் கேட்கத் தயக்கம் ஏன்? உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இன்றே ஒரு கோப்பு போட்டு, வண்டியின் பில், வாரண்டிப் புத்தகம், ஜாப் கார்டு, எடை ரசீது எல்லாவற்றையும் அதில் அடுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கோப்பு கடைசிவரை தேவைப்படாமலே போனால், அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.