பட்டு நூலுக்கு வரி: காப்பது யாரை, சுமப்பது யார்?

மத்திய பட்ஜெட்டின் சுங்க வரி அட்டவணையில் கச்சாப் பட்டுக்குக் கிடைப்பது ஒரேயொரு வரி. கர்நாடக மல்பெரி விவசாயியும் காஞ்சிபுரம் நெசவாளியும் அதை எதிரெதிரான எதிர்பார்ப்புடன் கவனிக்கின்றனர்.

2011-12 பட்ஜெட்டில் இந்தச் சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சீனப் பட்டின் போட்டியால் பட்டுக்கூடு விலை சரிந்தபோது, கர்நாடக விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். 2013-ல் வரி 15 சதவீதமானது. பின்னர் 10 சதவீதமாக்கப்பட்டு, 2021-ல் மீண்டும் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

பாதுகாப்பு வரியால் பலனுண்டு. சிறு விவசாயிக்கு விலை குறித்த நம்பிக்கை பிறக்கிறது. அந்நிய நூலைச் சார்ந்திருப்பது குறைகிறது. 2011-12-ல் சுமார் 23 ஆயிரம் டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி, 2023-24-ல் 38 ஆயிரம் டன்னைத் தாண்டியது. எனினும், இதற்கு வரி மட்டுமே காரணமன்று. உயர்ரகப் பட்டுப்புழுக்களும் அரசுத் திட்டங்களும் துணைநின்றன.

மறுபக்கம், நூல் விலை ஏறினால் நெசவாளியின் முதலீடு கூடுகிறது; சேலை விலையை அதே அளவில் உயர்த்த இயலாது. பாவுக்கு ஏற்ற, சீரான உயர்ரக நூல் உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காதவரை இச்சுமை நீடிக்கும். வரி வேறுபாடு கடத்தலுக்கும் தூண்டுகோலாகிறது.

ஆக, ஓர் ஏழையைக் காக்கும் வரியை மற்றோர் ஏழையே செலுத்துகிறார். பெங்களூரில், நீலசந்திராவுக்குத் தெற்கே ஓசூர் சாலையில் இயங்கும் மத்திய பட்டு வாரியத்தின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. வரி என்பது தரத்தை உயர்த்தக் கிடைத்த அவகாசமே. வரியை உயர்த்தும் அரசிடம், அந்த அவகாசம் எத்தனை ஆண்டுகளுக்கு என்று நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.