தொட்டிலைக் காக்கும் சட்டம்

ஆலைக்குச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்கிறாள்? ஏழை இல்லங்கள் பலவற்றில், பள்ளிக்குச் செல்ல வேண்டிய மூத்த மகளிடமே. தம்பியின் தொட்டிலை ஆட்டும் அச்சிறுமியின் புத்தகப்பை சுவரில் தொங்குகின்றது. ஒரு குழந்தைக்குக் காவல் இல்லாமையால் மற்றொரு குழந்தை கல்வியை இழக்கின்றது.

இந்நிலையை மாற்றவல்ல சட்டங்கள் நம் நாட்டில் இயற்றப்பட்டன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலைகளில், அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட மக்களுக்குக் காப்பகம் அமைக்கப் பணித்தது. 1976இல் அவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு அதனை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாமென்றும் விதித்தது.

இவற்றை மாணவர்க்கு ஏன் கற்பிக்க வேண்டும்? நாளைய முதலாளியும் மேற்பார்வையாளரும், கணவரும் மனைவியும் அவர்களே அன்றோ? அறியாத உரிமையை எவரும் கேட்பதில்லை. கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

வயலிலும் பிறர் வீட்டிலும் உழைக்கும் தாய்மாருக்கோ ஆலைக் காப்பகம் எட்டாக்கனியே. குழந்தைகளை அணைத்து ஆசி வழங்கிய ஆண்டவரின் பிள்ளைகளே, அவர்களுக்காக நம் பங்கு மண்டபத்தின் கதவைப் பகலில் திறந்துவைப்போமா? சுவரில் தொங்கும் புத்தகப்பை அன்று பள்ளிக்குச் செல்லும்.