தெரிந்த கதை தரும் தேறுதல்

பெருநாள் தொழுகை நிறைவேறி, உற்றார் உறவினர் இல்லங்களுக்கெல்லாம் சென்று ஸலாம் உரைத்து, பகலுணவும் முடிந்த பின்னர் ஒரு நெடிய பிற்பகல் எஞ்சி நிற்கும். காயல்பட்டினத்தில் எங்கள் இளமைக் காலத்தில் அந்தப் பிற்பகலுக்கென்றே ஒரு திரைப்படம் இருந்தது.

திரையரங்கு இல்லாத ஊர் எங்களுடையது. 1980களில் வளைகுடாவிலிருந்து திரும்பியோர் கொணர்ந்த பொருள்களுள் வீடியோ டெக்கும் ஒன்று. வாப்பா கொண்டுவந்த பெட்டியோடு ஒரே ஒரு கேசட்டும் வந்தது. அதுதான் 'தி மெசேஜ்'. ஈகைத் திருநாளுக்கும் தியாகத் திருநாளுக்கும் அதுவே எங்கள் படம். அண்டை வீட்டுப் பெண்கள் முடுக்கு வழியே வந்து கூடத்தில் அமர்வார்கள். வட்டலப்பத் தட்டு கைமாறிக் கொண்டிருக்கும்.

"போன பெருநாளைக்கும் இதைத்தானே பார்த்தோம்?" என்று ராத்தா ஒருமுறை கேட்டார். "போன பெருநாளைக்கும் இதே வட்டலப்பத்தைத்தானே தின்றாய்?" என்றார் உம்மும்மா. கூடமே சிரித்தது.

அன்று சிரித்து மறந்த அவ்விடையை இன்று எண்ணிப் பார்க்கையில் அதன் ஆழம் புலனாகிறது. முடிவு தெரிந்த ஒன்றை மீண்டும் மீண்டும் காண்பதில் மனம் ஏன் இத்துணை ஆறுதல் அடைகிறது?

மொழி தெரியாமலே விளங்கிய படம்

சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட படம் அது. ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு இருமுறை படமாக்கினார். அரபிப் படத்தின் பெயர் 'அர்ரிஸாலா'. மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு அங்குத் தடைப்பட்டு லிபியாவில் நிறைவுற்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ படத்தில் எவ்விடத்தும் இல்லை. எதிரே நிற்போர் காமிராவை நோக்கிப் பேசுவர். மறுமொழியை நாம் அவர்கள் முகத்திலிருந்தே அறிந்து கொள்ள வேண்டும். இவ்வாறு எடுப்பதும் தகுமா என்று அந்நாளில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. எங்கள் தெருவிலும் அப்படத்தைப் பார்க்க இசையாத பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களது பேணுதலையும் மதித்தே வளர்ந்தோம்.

எங்களிடம் இருந்தது ஆங்கிலப் படம். உம்மும்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆயினும் எங்களுக்குக் காட்சி விளக்கியவர் அவர்தாம்! பிலால் (ரலி) அவர்கள் மதீனாவில் முதல் பாங்கு சொல்லும் காட்சி வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு பதில் சொல்வார். உஹதுக் களத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களை நோக்கி ஈட்டி குறிபார்க்கத் தொடங்கும்போதே அவர் கண்கள் கலங்கிவிடும். அந்த ஈட்டி தவறாது என்பதை அவர் எத்தனையோ ஆண்டுகளாக அறிவார்.

திரும்பி வந்த மான்

எங்ஙனம் அறிந்தார்? திரைப்படம் தோன்றுவதற்கு முன்னரே, தெரிந்த கதையை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய கடற்கரை இது. எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவர், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் அரங்கேற்றிய சீறாப்புராணம், மூன்று காண்டங்களில் 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. அதனை 1842ஆம் ஆண்டு முதன்முதலில் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் காயல்பட்டினத்தில் பிறந்தவர். ஒருவர் பாடலைப் படிக்க, மற்றொருவர் பொருள் உரைக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாயிருந்தது.

அக்காப்பியத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' அறியாதார் யார்? வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பிணையாக நிற்கிறார்கள். சென்ற மான் திரும்புமா? திரும்பும், கன்றையும் உடனழைத்துத் திரும்பும் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மூச்சடக்கிக் கேட்டார்கள்.

அவ்வாறு கேட்டோர் யாரென்று எண்ணிப் பாருங்கள். தோணியேறிக் கொழும்புக்குப் போன கணவர், சங்கும் முத்தும் எடுக்கக் கடலில் மூழ்கிய மகன் என வீட்டுக்கு ஒருவரைக் கடலுக்குக் கொடுத்த மக்கள். சென்றவர் திரும்புவது உறுதியில்லாத வாழ்வு அது. முத்துக்குளிப்பும் ஆண்டுதோறும் வருவதன்று. சில ஆண்டுகள் தொடர்ந்து நடக்கும், பிறகு பல்லாண்டுகள் சிப்பி விளையாது பார்கள் வெறுமையாய்க் கிடக்கும். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அதுவும் நின்று போயிற்று. எதுவும் திரும்புமென்று சொல்ல முடியாத கரையில், படிக்கும்போதெல்லாம் தவறாமல் திரும்பி வந்தது அந்த மான் ஒன்றுதான். தெரிந்த கதை தரும் தேறுதல் என்பது இதுவே எனலாம்.

வாப்பா இல்லாத பெருநாள்

எங்கள் இல்லத்திலும் அது மெய்யாயிற்று. வாப்பா ஊரில் இருந்த பெருநாள்களைவிட இல்லாத பெருநாள்களே மிகுதி. வந்திருக்கும் ஆண்டில், ஒவ்வொரு காட்சிக்கும் முன்பாக, "இப்பொழுது பாருங்கள்!" என்று உரக்கச் சொல்வார். அது சிறுவர்களாகிய எங்களுக்குச் சலிப்பாக இருக்கும். அவர் மறைந்த ஆண்டு வந்த முதல் பெருநாளில் படம் போட எவருக்கும் மனமில்லை. அஸருக்குப் பின் உம்மாவே, "அந்தக் கேசட்டைப் போடு" என்றார்கள். ஓடத் தொடங்கியது. உரிய இடங்களிலெல்லாம் ஒருவரும் பேசவில்லை. ஆயினும் "இப்பொழுது பாருங்கள்" என்னும் குரல் எங்கள் அனைவர் செவியிலும் ஒலித்தது. உம்மா அழவில்லை, இலேசாகப் புன்னகைத்தார்கள். இத்தாவின் நாள்களில் நாங்கள் கண்ட முதல் புன்னகை அது.

இன்று அந்தக் கேசட்டில் பூஞ்சை படர்ந்துவிட்டது. படமெடுத்த அக்காத், 2005 நவம்பரில் அம்மான் நகர விடுதிகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் தம் மகளோடு உயிரிழந்தார். புதுப்பிக்கப்பட்ட அப்படம் 2018ஆம் ஆண்டு ஈகைத் திருநாளையொட்டிச் சவூதி அரேபியத் திரையரங்குகளுக்கும் வந்தது. நம் பிள்ளைகள் வேண்டும்போது கைப்பேசியிலேயே காணலாம்.

ஆனால் சென்ற பெருநாளில் நான் கண்டதென்ன? ஒரே கூடத்தில் ஐந்து பிள்ளைகள், ஐந்து கைப்பேசிகள், ஐந்து படங்கள். உம்மா நடுவே அமர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். படம் கிடைக்கிறது, கூடம்தான் தொலைந்து போயிற்று. பேரன் ஒருவனை அழைத்து, அவன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைக்கச் சொன்னேன். பாங்குக் காட்சி வந்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார்கள், உம்மும்மாவைப் போலவே. பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

சகோதர சகோதரிகளே! தொழுகையும் திக்ரும் உறவைப் பேணுதலும் முடிந்த பின் எஞ்சும் அந்தப் பிற்பகலை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே கழியுங்கள். சீறாவின் ஒரு படலமாகவும் இருக்கலாம், பழைய படமாகவும் இருக்கலாம். பலமுறை கேட்டதாயிற்றே எனத் தயங்க வேண்டாம். இன்று சலிப்போடு கேட்கும் பிள்ளைக்கு, நாம் இல்லாத ஒரு பெருநாளில் நம் குரல் அதனூடே கேட்கும், இன்ஷா அல்லாஹ்.