மூலத்தில் மூண்ட தீ

பங்குனி மாதம், விடியற்காலை நான்கரை மணி. ஹட்டன் பக்கத்து லயங்களில் பெரட்டுக்கு முன்னே அடுப்பு மூட்ட எழுந்தவர்கள், பனிமூட்டம் இல்லாத நாளில் இஸ்தோப்பில் நின்று தெற்கே பார்த்தால் தேளின் கொடுக்கு தெரியும். ஜாதகத்தில் மூலம் என்கிறோமே, அந்த நட்சத்திரம்தான். அதற்குச் சற்று மேலே, 26,000 ஒளியாண்டுக்கு அப்பால், பால்வீதியின் நடு இருக்கிறது. சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று அங்கே இப்போது ஏறக்குறைய உறக்கத்தில் கிடக்கிறது.

முன்பு விழித்திருந்ததா? 2010இல் பெர்மி விண்கலத்தின் தரவுகளில், பால்வீதித் தட்டுக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு ஊதிய இரு காமாக்கதிர்க் குமிழிகள் தெரிந்தன. நடுவில் ஒருகாலத்தில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்திருக்கலாம்.

இன்னொரு தடயம் எதிர்ப்பொருள். 1932இல் கார்ல் ஆண்டர்சன் விண்கதிர்களில் பாசிட்ரான் என்ற எதிர்ப்பொருள் துகளைக் கண்டுபிடித்தார். எலெக்ட்ரானின் அதே நிறை, நேர்மின்னூட்டம். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே மறைந்து காமாக்கதிராகிவிடும். 1970களில் பலூனில் பறந்த கருவிகள் அந்தக் கதிரைப் பால்வீதி நடுவின் திசையில் கண்டன. விண்வெளி வாயு மிக ஐதானது. வேகமாகக் கிளம்பிய பாசிட்ரான் தணிந்து அழிய லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கலாம். தேயிலை ஸ்டோரில் அடுப்பு அணைந்த பிறகும் பள்ளத்தில் வாசம் நிற்பதில்லையா, அதுபோல. ஆனால் வெடித்த விண்மீன்கள் விட்டுச்சென்ற கதிரியக்க அலுமினியமும் டைட்டானியமும்கூடப் பாசிட்ரான் தரும். எனவே வழக்கு இன்னும் முடியவில்லை.

எதிர்ப்பொருள் நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்கள் கடல்மட்டத்திலேயே உள்ளங்கை வழியாக நிமிடத்துக்குச் சுமார் நூறு பாய்கின்றன. பாதிக்கு மேல் நேர்மின் மியூவான்கள், அவையும் எதிர்ப்பொருளே. மழையைத் தடுக்கும் தகரக்கூரை இவற்றைத் தடுப்பதில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்த லயங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அதே நீலகிரியில், ஊட்டியில், கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 3,700க்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்களால் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்துபோன 18 நிமிடங்களில் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. மேகத்தின் மின்புலம் நேர்மின் மியூவான்களைத் தணித்தது, எதிர்மின் மியூவான்களை முடுக்கியது; நேர்மின் மியூவான்கள் அதிகம் என்பதால்தான் அந்தக் குறைவே தெரிந்தது. அதை வைத்து மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள்.

அந்த மேகத்துக்குள் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. வந்து சேர்ந்ததை எண்ணினார்கள், அவ்வளவுதான். மூலத்துக்கும் யாரும் போகப்போவதில்லை.